நேற்று வந்தவளும் மாடி அறையும்

நாங்கள் தங்கியிருந்த பெண்கள் விடுதியில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை. ஒரே பெயரில் நாலைந்து பேர் இருந்து தொலைத்ததால், மேட்ரன் அம்மா எல்லாரையும் ஊரை வைத்தே அழைப்பார். "மதுரை, கொடியில துணி நனையுது பாரு." "திருச்சி, உங்க அண்ணன் வாசல்ல நிக்கிறார்." அந்தக் கணக்கில் நான் வேலூர். என் சிநேகிதி காரைக்குடி. எழுபதுகளின் நடுவில், ஓர் ஆவணி மாதம் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டவள் தென்காசி.

இதை நிதானமாகச் சொல்ல வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். அவள் ஊரை எழுதியதுமே பற்றிக்கொண்டு வருகிறது. என்ன செய்ய.

விடுதி மயிலாப்பூரில், கோயில் குளத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தது. கீழே நீளமாக ஒரு கூடம். ஆஸ்பத்திரி மாதிரி வரிசையாகக் கட்டில்கள். ஒருத்தி விடியற்காலையில் எழுந்து பல் தேய்த்தால் அத்தனை பேருக்கும் விழிப்பு வந்துவிடும். ஒருத்தி ஊரிலிருந்து கருவாடு கொண்டுவந்தால் அத்தனை பேர் தலையணையும் நாறும். மாடியில் மட்டும் இரண்டு கட்டில் போட்ட அறை ஒன்று உண்டு. கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொள்ளலாம். ஜன்னலைத் திறந்தால் தென்னை மரங்களுக்கு மேலே கோபுரத்தின் கலசங்கள் தெரியும். அந்த அறை காலியானால் விடுதியில் யார் மூத்தவளோ அவளுக்குப் போகும். தன்னோடு யார் இருக்க வேண்டும் என்பதை அவளே சொல்லிக்கொள்ளலாம். இதுதான் சட்டம்.

காரைக்குடியும் நானும் நான்கு வருடமாக அந்த அறைக்குக் காத்திருந்தோம். பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு, ஜன்னலுக்கு என்ன நிறத்தில் திரை தைக்கலாம் என்பது வரைக்கும் பேசி முடித்திருந்தோம். அவளுக்கு நீலம், எனக்கு மஞ்சள். கடைசியில் மஞ்சள் என்று முடிவாயிற்று. மாடியில் இருந்த சேலத்துக்கும் அவள் அறைத்தோழிக்கும் அடுத்தடுத்து கல்யாணம் கூடி வந்து மாடி காலியானபோது, விடுதியில் மூத்தவள் காரைக்குடிதான். மேட்ரன் அம்மா, "கூட யாருன்னு சனிக்கிழமை விளக்கு வைக்கறதுக்குள்ள சொல்லிடு," என்றார். நான் தி.நகரில் வேலை பார்த்த ஜவுளிக்கடையில் ஒரு துண்டு மஞ்சள் துணியைக்கூடப் பார்த்து வைத்துவிட்டேன். அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை இரண்டாவது சனிக்கிழமை. மாதாமாதம் அன்று காரைக்குடிக்கு ஆபீஸ் லீவு. நானும் கடையில் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கிவிடுவேன். இரண்டு பேரும் ஊர் சுற்றக் கிளம்பிவிடுவோம். சினிமாவுக்கோ கடைத்தெருவுக்கோ இல்லை. அவளுக்குப் பழைய இடங்கள் மேல் ஒரு பைத்தியம். கோயிலோ சர்ச்சோ சமாதியோ, கல் பழசாக இருந்தால் போதும். அதைத் தடவிப் பார்த்து, யார் கட்டினது, எப்போது இடிந்தது என்று சொல்லிக்கொண்டே வருவாள். எனக்குக் கல்லைப் பற்றி அக்கறை இல்லை. அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு அவள் கூடவே நடப்பது பிடிக்கும். மாதத்தில் அந்த ஒரு நாள் முழுக்க எனக்கு என்று இருந்தது.

அன்றைக்கு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, தென்காசியும் தலை பின்னிக்கொண்டு வந்து நின்றாள்.

"இவளும் வர்றாடி. பாவம், மெட்ராஸ்ல ஒண்ணுமே பார்த்ததில்லையாம்," என்றாள் காரைக்குடி.

"வரட்டுமே," என்றேன். வேறு என்ன சொல்வது. வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை; வாரத்துக்கு ஒரு ஷிப்ட். ராத்திரி வேலை முடித்துவிட்டுப் பகலில் கூடத்தில் தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு புரண்டு புரண்டு படுப்பாள். அதைப் பார்த்துப் பார்த்து காரைக்குடிக்கு மனசு இளகிவிட்டது. அவள் தூங்கும்போது நாங்கள் குசுகுசு என்று பேச வேண்டியதாயிற்று. பிறகு அவள் விழித்திருக்கும்போதும் மூன்று பேராகப் பேச வேண்டியதாயிற்று. முன்னே வந்த காதைப் பின்னே வந்த கொம்பு மறைத்தது என்பார்களே, அதை நான் கண்ணால் பார்த்தேன்.

முதலில் கபாலி கோயில். வாசலில் காரைக்குடி பூ வாங்கினாள். மூன்று பேருக்கும் கிள்ளிக் கொடுத்தபோது எனக்கு மட்டும் கை தாராளமாக நீண்டது. நான் அதை உடனே கவனித்துவிட்டேன். பூக்காரி, "இன்னாமா, மூணு பேரும் அக்கா தங்கச்சிங்களா?" என்றாள். "ஆமா," என்று சிரித்தாள் காரைக்குடி. அந்த ஆமா எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் என் பூ பெரிசு என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

கற்பகாம்பாள் சன்னதியில் அர்ச்சனைத் தட்டை நான்தான் கொடுத்தேன். எப்போதும் நான்தான் கொடுப்பேன். எப்போதும் இரண்டு பெயர், இரண்டு நட்சத்திரம். அன்றைக்கும் வேண்டுமென்றே காரைக்குடியின் பெயரைச் சொல்லி உத்திரட்டாதி என்றேன், என் பெயரைச் சொல்லி மகம் என்றேன், வாயை மூடிக்கொண்டேன். மகத்தில் பிறந்தவள் ஜகத்தை ஆள்வாளாம். எனக்கு ஜகம் வேண்டாம், மாடி அறை போதும் என்று அம்பாளிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, காரைக்குடி குறுக்கே புகுந்து தென்காசியின் பெயரையும் சொல்லிவிட்டாள்.

"நட்சத்திரம்?" என்றார் குருக்கள்.

தென்காசி தலையைக் குனிந்துகொண்டாள். "தெரியாது சாமி. நான் பொறந்தப்பவே அம்மை போயிட்டாவ. யாரும் குறிச்சு வைக்கல."

"அதனாலென்ன, அம்பாள் பேருக்கே பண்ணிடறேன். தெரியாதவாளுக்கு அதான் வழக்கம்," என்று அவர் தட்டை எடுத்துக்கொண்டு திரும்பினார். அதோடு விட்டிருக்கலாம். வழக்கம் ஒன்று இருக்கிறது, குருக்களே சொல்கிறார். ஆனால் காரைக்குடி, "வேண்டாம் சாமி. என் நட்சத்திரத்தையே அவளுக்கும் சொல்லுங்க. உத்திரட்டாதி," என்றாள்.

குருக்கள் ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டு, "பேஷா," என்று உள்ளே போனார்.

நட்சத்திரத்தை யாராவது தானம் கொடுப்பார்களா? புடவையைக் கொடுப்பார்கள், செருப்பைக் கொடுப்பார்கள், மிஞ்சிப் போனால் சீப்பைக் கொடுப்பார்கள். உள்ளேயிருந்து உத்திரட்டாதி, மகம், மறுபடி உத்திரட்டாதி என்று கேட்டது. இரண்டு உத்திரட்டாதிகளுக்கு நடுவில் என் மகம் ஒண்டிக்கட்டையாக மாட்டிக்கொண்டது. தாய் இல்லாத பெண் என்று எனக்கும் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எனக்கென்று அம்மா இருந்து, அவள் நட்சத்திரத்தையும் ஒழுங்காகக் குறித்து வைத்து, அதனாலேயே காரைக்குடியிடமிருந்து எனக்கு ஒன்றும் வாங்க வழியில்லாமல் போயிற்றே என்று இருந்தது. தென்காசி கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். கண்ணோரம் ஈரம். காரைக்குடி தன் முந்தானையால் அதை ஒற்றியெடுத்தாள்.

உடைத்த தேங்காய் இரண்டு மூடியாக வந்தது. எப்போதும் ஆளுக்கு ஒரு மூடி என்பது எங்கள் கணக்கு. காரைக்குடி ஒன்றை என் கையிலும் இன்னொன்றைத் தென்காசி கையிலும் வைத்துவிட்டு, வாழைப்பழம் போதும் என்று நடந்தாள். நான் என் மூடியைப் பையில் போடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு பிரகாரம் சுற்றினேன். புன்னை மரத்தடியில், மயிலாக வந்து அம்பாள் சிவனைப் பூசித்த கதையை காரைக்குடி சொல்ல ஆரம்பித்தாள். வழக்கமாக என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொல்வாள். அன்று முகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. நமக்குத் தெரிந்த கதையை, நம் கண்ணெதிரே, நமக்குச் சொன்ன அதே வார்த்தைகளில் வேறொருத்திக்குச் சொல்லக் கேட்பது மாதிரிக் கொடுமை உலகத்தில் கிடையாது. எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவாள் என்பதுகூட எனக்குத் தெரியும். சரியாக அந்த இடத்தில் தாழ்த்தினாள்.

"அப்புறம் என்னாச்சுக்கா?" என்று வாயைப் பிளந்தாள் தென்காசி.

"அப்புறம் இன்னா, கல்யாணம்தான்," என்றேன் நான். கோபம் வந்தால் எனக்கு வேலூர்ப் பேச்சு வந்துவிடும்.

மாட வீதியில் டிபன் சாப்பிட்டோம். எனக்குப் பிடிக்கும் என்று காரைக்குடி தன் தட்டிலிருந்த வடையை எடுத்து என் தட்டில் வைத்தாள். தென்காசியின் தட்டில் ஒன்றும் வைக்கவில்லை. பூ ஒன்று, வடை ஒன்று என்று நான் எனக்குள் வரவு வைத்துக்கொண்டேன். நட்சத்திரத்துக்கு இதெல்லாம் ஈடாகாது என்றாலும், பழைய சிநேகிதம் விட்டுப்போகவில்லை என்று ஒரு தைரியம் வந்தது.

லஸ்ஸில் காட்டுக்கோயிலுக்குப் போனோம். மாதா கோயில்தான், ஒரு காலத்தில் சுற்றிலும் காடாக இருந்ததாம், அதனால் அந்தப் பெயர். கடலில் திசை தெரியாமல் தவித்த கப்பல்காரர்கள் ஒரு வெளிச்சத்தைப் பார்த்துக் கரை சேர்ந்து, அந்த வெளிச்சம் தெரிந்த இடத்தில் கட்டினார்கள் என்று காரைக்குடி சொன்னாள். போன தடவை என்னிடம் சொன்னபோது அந்தக் கப்பலில் புயல் அடித்தது. இப்போது புயலைக் காணோம்.

"புயலை எங்க விட்டே?" என்றேன்.

"அதுவும் உண்டுதான்," என்று காரைக்குடி சிரித்தாள். "பார்த்தியா, இவளுக்கு எல்லாம் மனப்பாடம்." தென்காசி என்னைத் திரும்பிப் பார்த்தாள். என்ன பார்வை அது என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

உள்ளே போய்த் தென்காசி ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். நானும் ஏற்றினேன். அவள் முழங்கால் போட்டாள். நானும் போட்டேன். எங்கள் இரண்டு பேர் வீட்டிலும் பரம்பரை பரம்பரையாக யாரும் மாதா முன் முழங்கால் போட்டவர்கள் இல்லை. அவள் கண்ணை மூடி வெகுநேரம் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். அறையைத்தான் கேட்கிறாள் என்று எனக்குப் பட்டது. சாமிகளிடம் வரிசை உண்டா என்று தெரியவில்லை. இருந்தால், முதலில் கேட்டவள் நான், காலையிலேயே அம்பாளிடம் சொல்லி வைத்திருக்கிறேன் என்று மாதாவிடமும் சொன்னேன். அவள் எழுந்திருக்கும் வரை நானும் எழுந்திருக்கவில்லை. முழங்கால் இரண்டும் சிவந்துபோயின.

அங்கேயிருந்து சாந்தோம் சர்ச். வானத்தைக் குத்துகிற மாதிரி வெள்ளைக் கோபுரம், உள்ளே அப்போஸ்தலரின் கல்லறை, பின்னால் கடல். மத்தியானம் ஆகிவிட்டதால் விடுதியில் கட்டிக் கொடுத்த புளிசாதப் பொட்டலங்களோடு கரைக்குப் போய் நொச்சிக்குப்பம் பக்கமாக நடந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. கட்டுமரம் ஒன்றைச் சாய்த்து வைத்து, அந்த நிழலில் மீன்காரம்மா ஒருத்தி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"வெயில்ல இன்னாத்துக்குச் சுத்திகினு கீறீங்க? இப்டி வந்து குந்துங்க, நெழலு கீது," என்று கூடையை நகர்த்தி இடம் விட்டாள்.

உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தோம். காரைக்குடி தன் உருளைக்கிழங்குக் கறி முழுவதையும் என் இலையில் தள்ளினாள். "நீ சாப்பிடுடி, உனக்குத்தான் பிடிக்கும்," என்றாள். அன்றைக்கு அவள் பாசம் பொங்கி வழிந்தது. நான் மறுபடியும் வரவு வைத்தேன். ஆனால் தென்காசி எதற்கோ சிரித்தபோது காரைக்குடியின் தோள் மேல் சாய்ந்துகொண்டாள். காரைக்குடியும் தோளை எடுக்கவில்லை.

மீன்காரம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தப் பொண்ணு இன்னாமா, சோத்த மொறைச்சிகினே துன்னுது? புருசனாண்ட கோவிச்சிகினு வந்தா மாரி?"

"அவ எப்பவும் அப்படித்தான்," என்றாள் காரைக்குடி.

"எப்பவும் இல்ல," என்றேன் நான்.

"வவுறு எரிஞ்சா மோரு குடி கண்ணு," என்றாள் மீன்காரம்மா. காரைக்குடி விழுந்து விழுந்து சிரித்தாள். தென்காசி சிரிக்கவில்லை. இலையை மடித்துக்கொண்டே மறுபடியும் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அடையாறு பஸ்ஸில் ஜன்னல் பக்கம் எனக்குக் கொடுத்தாள் காரைக்குடி. வழக்கமாக ஜன்னலுக்கு நாங்கள் இரண்டு பேரும் சண்டை போடுவோம். பாலத்தில் போகும்போது காற்று முகத்தில் அடித்தது. ஆறு கடலில் சேருகிற இடத்தைப் பார்த்துக்கொண்டே, ராத்திரிக்குள் மாடிக்குப் போய்விடுவோம், இவளுக்குக் கூடத்தில் என் கட்டிலைக் கொடுத்துவிடலாம், சுவர் ஓரம், நல்ல கட்டில், என்று தாராளமாக நினைத்தேன். ஜெயிக்கிறவளுக்குத் தாராளம் சுலபமாக வரும்.

அடையாற்றில் பெரிய தோட்டம் ஒன்றுக்குள் இருக்கிற ஆலமரத்தைச் சுற்றிப் பார்க்க மத்தியானத்துக்கு மேல் உள்ளே விடுவார்கள். அதை ஒரு மரம் என்று சொல்வதற்கே கூச்சமாக இருக்கும். விழுதுகள் இறங்கி ஒவ்வொன்றும் ஒரு மரம் பருமனுக்கு நின்றன; எது தாய் மரம், எது விழுது என்று புதிதாக வருகிறவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். காரைக்குடியை முந்திக்கொண்டு நேராகப் போய் அடிமரத்தின் அருகே நின்றேன். திரும்பிப் பார்த்தால் அவர்கள் இரண்டு பேரையும் காணோம். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு வந்த வழியே தேடிக்கொண்டு போனேன். பருத்த விழுது ஒன்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேச்சுக் குரல் கேட்டது.

"நீ ஒண்ணும் பேசாத. நானே சாயந்தரத்துக்குள்ள அவகிட்ட பக்குவமாச் சொல்லிக்கிறேன்," என்றாள் காரைக்குடி.

"சங்கடப்படுவாவளே அக்கா," என்றாள் தென்காசி.

"அவளா? அவ ஒரு சத்தம் போடுவா, அப்புறம் சரியாயிருவா."

அவ்வளவுதான். பூ, வடை, உருளைக்கிழங்கு, ஜன்னல் என்று காலையிலிருந்து நான் வரவு வைத்தது எல்லாம் என்னவென்று அப்போதுதான் உறைத்தது. வெட்டப்போகிற ஆட்டுக்குத்தான் மஞ்சள் தண்ணீர் தெளித்து மாலை போடுவார்கள். அதுவும் தலையை ஆட்டிக்கொண்டு, தனக்கு என்னவோ பெரிய மரியாதை நடக்கிறது என்று நினைத்துக்கொள்ளும்.

சத்தம் காட்டாமல் திரும்பிப் போய் அடிமரத்தருகில் நின்றுகொண்டேன். அவர்கள் வந்ததும் பேச ஆரம்பித்தேன். காரைக்குடி சொன்னால்தானே நடக்கும்? சொல்லவே விடக்கூடாது என்று ஒரு வெறி. மரத்தைப் பற்றிப் பேசினேன். ஜவுளிக்கடை முதலாளியின் மாமியாரைப் பற்றிப் பேசினேன். வேலூர் வெயிலைப் பற்றி, கோட்டை அகழியில் இருந்ததாகச் சொல்லும் முதலைகளைப் பற்றி, என் சித்தப்பாவின் மூல வியாதியைப் பற்றி எல்லாம் பேசினேன். காரைக்குடி இரண்டு தடவை, "வேலூரு, ஒண்ணு சொல்லணும்டி," என்று ஆரம்பித்தாள். "இரு, இதைக் கேளு," என்று நான் அடுத்ததற்குத் தாவினேன். பெசன்ட் நகர் போகும் பஸ் முழுக்கப் பேசினேன். கண்டக்டரே, "கொஞ்சம் மூச்சு வுடுமா," என்றான்.

எலியட்ஸ் கடற்கரையில் அப்போதெல்லாம் ஆள் நடமாட்டம் கிடையாது. மணல், மணல், அதற்கு நடுவில் வெள்ளையாக ஒரு நினைவு மண்டபம். கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய்த் தானே மூழ்கிப்போன ஒரு வெள்ளைக்காரனுக்காகக் கட்டியது. கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டு வா என்று தென்காசியைத் தண்ணீர்ப் பக்கம் அனுப்பிவிட்டு, காரைக்குடி என்னை மண்டபத்துப் படியில் உட்கார வைத்தாள்.

"பாருடி. முன்னப் பின்ன தெரியாத யாருக்கோ தன் உயிரையே குடுத்திருக்கான். எவ்வளவு பெரிய மனசு," என்றாள்.

உயிரைக் கொடுத்தவனை முன்னால் நிறுத்தி வைத்துக்கொண்டு என் அறையைக் கேட்கிறாள். அந்தக் கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. என்னிடம் இருந்த பேச்செல்லாம் தீர்ந்துபோயிருந்தது.

"சொல்லித் தொலை," என்றேன்.

"மாடிக்கு அவளைக் கூட்டிக்கலாம்னு இருக்கேன்டி. ராத்திரி டூட்டி பாத்துட்டு வந்து அந்தக் கூடத்துல எப்படித் தூங்குவா? எளைச்சுப் போறா பாரு. சொல்லிக்கவும் அவளுக்கு யாரும் இல்ல. உனக்கென்னடி, நீ எங்க போட்டாலும் தூங்கிருவே. எதுவானாலும் சமாளிச்சுக்குவே."

உனக்கென்ன. இந்த ஒரு வார்த்தையை என் வாழ்நாளில் எத்தனை பேர் சொல்லிக் கேட்டுவிட்டேன். வீட்டில் தம்பிக்குப் பால் கொடுத்துவிட்டு எனக்குக் காப்பி மட்டும் கொடுத்தபோது அம்மா சொன்னாள். கடையில் மற்றவள் வேலையையும் என் மேசையில் போட்டபோது மேனேஜர் சொன்னார். இவள் ஒருத்தி வாயிலிருந்து வராது என்று நினைத்திருந்தேன்.

"அப்ப தூக்கம் வரலேன்னு நானும் நாலு வருஷமா ஒப்பாரி வச்சிருக்கணும். அப்பிடித்தானே?"

"அப்படியில்லடி."

"பின்ன இன்னா? நாம ரெண்டு பேரும் பேசி வச்சது இன்னா ஆச்சு? மஞ்சத் துணி பாத்து வச்சிருக்கேன்டி நான்."

அவள் உதடு துடித்தது. கண் நிறைந்து கன்னத்தில் வழிந்தது. "எனக்கு மட்டும் ஆசையில்லையாடி? ரெண்டு நாளா நான் சரியாச் சாப்பிடக்கூட இல்ல," என்று விசும்பினாள். அழ வேண்டியவள் நான். ஆனால் அவள் முந்திக்கொண்டதால், என் முந்தானையை எடுத்து அவள் கண்ணைத் துடைக்கிற வேலை எனக்கு வந்து சேர்ந்தது. துடைத்துக்கொண்டிருக்கும்போதே, பார், சமாளித்துக்கொண்டுதானே இருக்கிறாய் என்று மனசு என்னையே குத்திக் காட்டியது.

"சரி, போ," என்றேன். அதற்கு மேல் அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்க முடியாமல்தான் சொன்னேன்.

அவள் முகம் உடனே தெளிந்துவிட்டது. எழுந்து நின்று கடலைப் பார்த்து, "இங்க வாடி," என்று தென்காசியைக் கூப்பிட்டாள். "வேலூரு பெரிய மனசு பண்ணி மாடிய உனக்கு விட்டுக் குடுத்துட்டா. அவளே சொல்லிட்டா."

கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கடைக்காரியையே பக்கத்தில் நிறுத்திவைத்து, அவளே சந்தோஷமாக உடைத்தாள் என்று ஊருக்குச் சொல்வதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அறைதான் போயிற்று, போயிற்றே என்று வயிறு எரிகிற உரிமையாவது எனக்கு மிச்சம் இருக்க வேண்டாமா? இனிமேல் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், கொடுத்துவிட்டுப் புலம்புகிறவள் என்று ஆகிவிடும். தென்காசி கைநிறையக் கிளிஞ்சலோடு நின்று என் முகத்தைப் பார்த்தாள். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவளுக்கு எவ்வளவு திமிர் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் நான் பேசவில்லை. காரைக்குடிதான் பேசிக்கொண்டே வந்தாள். மாடிக்கு நான் தினமும் வரலாமாம், மூன்று பேருமாக அங்கேயே உட்கார்ந்து சாப்பிடலாமாம், எனக்கென்று ஒரு பாய் போட்டு வைப்பாளாம். என் அறைக்கு என்னையே விருந்தாளியாக அழைத்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் மறுபடியும் ஜன்னலைக் காட்டினாள். வேண்டாம் என்று நின்றுகொண்டே வந்தேன்.

விடுதிக்கு வந்து சேர்ந்தபோது மேட்ரன் அம்மா விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தார். காரைக்குடி போய்ச் சொன்னாள். "வேலூர்னு இல்ல நினைச்சேன்," என்று மேட்ரன் அம்மா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "அவளே விட்டுக் குடுத்துட்டாம்மா," என்றாள் காரைக்குடி. கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். மதுரை வந்து என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள்.

சாவியை வாங்கிக்கொண்டு காரைக்குடி மாடியைப் பெருக்கப் போனாள். போகும்போது, "என் டிரங்குப் பெட்டிய மட்டும் ரெண்டு பேருமாப் புடிச்சுக் கொண்டாங்கடி. வேலூருக்கு நல்ல பலம்," என்றாள். பெட்டி முழுக்கப் புத்தகம். ஒரு பக்கக் காதைத் தென்காசி பிடித்தாள், இன்னொரு பக்கத்தை நான். படிக்கட்டுத் திருப்பத்தில் அவள் பெட்டியை இறக்கி வைத்தாள். மேலே விளக்குமாற்றின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"நீங்க விட்டுக் குடுக்கலன்னு எனக்குத் தெரியும்க்கா," என்றாள்.

நான் பெட்டியின் காதை மறுபடியும் பிடித்தேன்.

"காலைல கோயில்ல இருந்து உங்க மூஞ்சியத்தான பாத்துக்கிட்டு வாரேன்."

"தெரிஞ்சும், எனக்கு வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா உனக்கு?"

"தோணுச்சு. சொல்லல." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குரல் தாழ்ந்திருந்தாலும் நடுங்கவில்லை. "அந்த அக்கா எந்தக் கதைய எடுத்தாலும் உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. பாதி சொன்னா மீதிய நீங்க முடிக்கிய. உங்க எலைல என்ன வைக்கணும்னு அவியளுக்கு யோசிக்கவே வேண்டாம். நாலு வருசம் உங்களுக்குக் கெடச்சிருக்குக்கா. எனக்கு யாருகிட்டயும் நாலு நாள் கெடச்சதில்ல. பாவம்னுதான் குடுக்காவன்னு தெரியும். தெரிஞ்சுதான் வாங்கிக்கிடுதேன்."

அன்றைக்கு முழுவதும் நான் பார்த்துப் புரியாமல் போன அந்தப் பார்வை என்னவென்று அப்போது தெரிந்தது. என் கண்ணில் இருந்த அதேதான். இவள் அதை மறைத்து வைத்திருந்தாள், எனக்கு மறைக்கத் தெரியவில்லை. காலையிலிருந்து என்னிடம் உள்ளதை உள்ளபடி பேசியவளும் இவள் ஒருத்திதான். அந்த இடத்தில் யாராக இருந்தாலும் மனசு இளகியிருக்கும். எனக்கு, இதிலும் இவள் என்னை முந்திக்கொண்டாளே என்று இன்னும் கொஞ்சம் எரிந்தது.

"பெட்டியத் தூக்கு," என்றேன். தூக்கினாள்.